மூட்டிய ஐந்து கைலிகள்

“கன்னத்துல சந்தனம், இடுப்புல கைலி. தாய்லாந்துல ஏசி ரூம்பு வேலைன்னு போனவன் இப்புடியாம்மா இருப்பான்?”

தில்லையம்மாள் மகனின் படம் தெரிந்த செல்போனை மேசைமேல் வைத்தாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அவள் விரல்கள் பத்தும் கறுத்துப் போயிருந்தன. அண்ணாகிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, எட்டு மணிக்கே வந்து, ஷட்டர் திறக்கும்வரை மாடிப்படியில் காத்திருந்தவள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது புஷ்பவள்ளியின் துப்பறியும் அலுவலகம். போலீஸ் வேலையில் இருபத்திரண்டு வருஷம் அவள் பார்த்ததெல்லாம் பாஸ்போர்ட் விசாரணைதான். வீடு வீடாகப் போய், விலாசம் சரி, அங்க அடையாளம் சரி, நடத்தை சரி என்று எழுதிக் கொடுப்பாள். எங்கே போகிறாய் என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் அவள் ஒருவரையும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், போனவர்களைக் காணோம் என்றுதான் வருகிறார்கள்.

“பையன் பேரு?”

“இளவரசு. பிஎஸ்சி கம்ப்யூட்டர். போயி எட்டு மாசம் ஆவுது. போன நாலாம் நாளு இந்த போட்டாவ அனுப்புனான். ஒரு மாசங் கழிச்சு ஒருக்கா பேசுனான். நல்லாருக்கேன், வேல ஜாஸ்தின்னான். அதோட சரி. போன் ஆப்பு.”

“ஏஜென்ட்?”

“அவன் நம்பரும் ஆப்பு.”

பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் நகலையும் அவள் கொண்டுவந்திருந்தாள். புஷ்பவள்ளியின் கண் பழக்கதோஷத்தில் அங்க அடையாளத்துக்குப் போயிற்று. வலது கழுத்தில் மச்சம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

செல்போனை உதவியாளன் சபாபதி வாங்கிக்கொண்டான். நாற்பத்தைந்து வயது. ரெடிமேட் கடைகள் வந்து தையல் கடையை மூடவைத்த பிறகு புஷ்பவள்ளியிடம் சேர்ந்தவன். மனிதர்களின் முகத்தைவிட அவர்களின் துணியைத்தான் அவன் அதிகம் நம்புவான். துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பான்.

“யக்கா, நாம கைலிய எப்புடிக் கட்டுவோம்? ரெண்டு பக்கமும் இழுத்து மடிச்சு இடுப்புல சொருவுவோம். இவன் தொப்புளுக்கு நேரா முடிச்சு போட்டு, கொத்தா முன்னால தொங்க வுட்டிருக்கான் பாருங்க.”

“அது ஒரு ஸ்டைலா இருக்கும்.”

“கைலியில ஸ்டைல் பண்ற அளவுக்கு நம்ம நாட்டு ஆம்பளைக்குப் பொறுமை கெடையாது. எங்கிட்ட ராஜாமணின்னு ஒரு பெரியவரு வருவாரு. பர்மாவுல பொறந்து வளந்து, அகதியா கப்பல்ல வந்தவரு. அவரு முடிச்சு இதான். ரெண்டு முனையயும் சேத்து மூட்டித் தச்சாத்தான் கட்டுவாரு. அவரு சம்சாரம் ஏதோ ஒரு மரத்த அரைச்சுக் கன்னத்துல இப்புடித்தான் மஞ்சளாப் பூசும். இது சந்தனம் இல்ல.”

புஷ்பவள்ளிக்கு வழி புரிந்துவிட்டது. தாய்லாந்து என்று சொல்லி விமானம். அங்கிருந்து எல்லை ஊர். ஆற்றைத் தாண்டினால் பர்மா. விசா இல்லாமல் தாண்டவேண்டுமென்றால் அந்த ஊர்க்காரன் மாதிரி இருக்கவேண்டும். தாண்டிய பிறகு முள்வேலிக்குள் உட்காரவைத்து, முகம் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்றும் வேலை. அப்படித் திரும்பி வந்தவர்களில் இரண்டு பேரை அவளே நேரில் பார்த்திருக்கிறாள். இரண்டு பேருமே சத்தமாகக் கதவு சாத்தினால் எழுந்து நின்றார்கள்.

முள்வேலியைப் பற்றித் தில்லையம்மாளிடம் உடனே சொல்ல மனம் வரவில்லை. “தாய்லாந்து இல்லம்மா, ஆத்தத் தாண்டிப் பர்மாவுக்குப் போயிருக்கான்” என்று மட்டும் சொன்னாள்.

“இன்னொண்ணு பாருங்க” என்று சபாபதி படத்தைப் பெரிதாக்கினான். கைலியின் கீழ்க்கரைக்குச் சற்று மேலே, கிழிக்க மறந்த ஒரு ஸ்டிக்கர். பாதி எழுத்து மடிப்பில் மறைந்திருந்தது. மீதி படிக்க முடிந்தது. ‘...வேல் ஜவுளி, மேல வீதி, சிதம்ப...’

“அசலூர்க்காரனா வேஷம் போட்டு ஆத்தத் தாண்டுறான். கால்ல சிதம்பரம் அட்ரஸ ஒட்டிக்கினு!”

யாரும் சிரிக்கவில்லை. சபாபதியும் சிரிக்கவில்லை.

“கைலி இங்க வாங்குனது. அப்ப இவன் பர்மா போவப்போறான்னு வாங்கிக் குடுத்தவனுக்கு இங்கயே தெரியும்” என்றாள் புஷ்பவள்ளி. “கெளம்பு.”

“நான் இங்கயே உக்காந்திருக்கேம்மா” என்றாள் தில்லையம்மாள். “வூட்டுக்குப் போனா கை வேலைக்குப் போயிடும்.”

சிதம்பரம் பஸ் சிப்காட் கெமிக்கல் ஆலைகளைத் தாண்டும்போது வழக்கமான நெடி ஜன்னல் வழியாக ஏறியது. சபாபதி கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டான்.

“இதுக்குள்ள ஆயிரம் வேல இருக்குன்றாங்க. நம்ம புள்ளைங்க ஆத்த நீந்திப் போவுது.”

“இங்க வேல கேட்டுப் பாத்திருப்பான்” என்றாள் புஷ்பவள்ளி.

ராஜவேல் ஜவுளி, மேல வீதியில் இரண்டு பாத்திரக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கியிருந்தது. வாசலில் ஒரு தையல் மிஷின். உள்ளே காயத்ரி என்ற விற்பனைப் பெண் அடுக்கிலிருந்து கைலிகளை உருவிப் போட்டாள். சபாபதி ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்து முகம் சுளித்தான்.

“பச்சையில பொடிக்கட்டம் இல்லியா தங்கச்சி? அஞ்சு வேணும். மூட்டிக் குடுக்கணும்.”

காயத்ரி நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களும் அதே ஆர்டரா?”

“வேற யாரு குடுத்தது?”

“ஒரு அண்ணன். ரெண்டு மாசத்துக்கு முன்ன அஞ்சு எடுத்தாரு. இப்பவும் அஞ்சு. பச்சை, மரூன், பொடிக்கட்டம்தான் வேணும்பாரு. வெள்ளக் கரை இருந்தா வேணாம்பாரு. எல்லாத்தயும் மூட்டணும். அதுக்கு முன்ன ஒரு தாடிக்காரர் வந்து இதே மாதிரி வாங்கிட்டுப் போவாரு. அவரு இப்ப வர்றதில்ல.”

“கைலி எடுக்க இவ்ளோ சட்டமா? கல்யாணப் பட்டு எடுக்குறவங்ககூட இவ்ளோ படுத்த மாட்டாங்களே” என்றான் சபாபதி.

“அது பரவால்லீங்க. ஸ்டிக்கர நான் பிச்சதுக்கப்புறம் அவரு ஒருவாட்டி உக்காந்து தடவித் தடவிப் பாப்பாரு. ஒரு துண்டு காயிதம் ஒட்டியிருந்தாலும் மொகமே மாறிடும். தாடிக்காரரு அதெல்லாம் கேட்டதே இல்ல.”

புஷ்பவள்ளி சட்டென்று அவளைப் பார்த்தாள்.

“இந்த அஞ்சும் எங்க?”

“வாசல்ல மூட்டியாச்சு. பதினோரு மணிக்கு வர்றேன்னாரு.”

எதிரே இருந்த டீக்கடையில் நின்றார்கள். பதினொன்று பத்துக்கு ஒருவன் வந்தான். மொட்டையடித்துக் கொஞ்சம் வளர்ந்த தலை, முகத்தில் மாஸ்க், சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி ஒல்லி. கடைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து ஐந்து கைலிகளையும் ஒவ்வொன்றாகத் தடவினான். மிஷின்காரர் ஸ்டூலை இழுத்த சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்து நின்றான். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

புஷ்பவள்ளி டீயைக் குடிக்காமல் வைத்தாள்.

“யக்கா, என்னா?”

“ஒண்ணுமில்ல. நட.”

பையோடு நடந்தவன் தெற்கு வீதி வழியாகத் திரும்பி, ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்கு ஏறினான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் என்ற பெயர்ப்பலகையின்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புஷ்பவள்ளி படிக்கட்டின் கீழே நின்றே டவுன் ஸ்டேஷனில் தனக்குப் பழக்கமான இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு நாலே வரியில் விஷயத்தைச் சொன்னாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்.

மாடியில் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஐந்து இளைஞர்கள் பூப்போட்ட சட்டையும் அரை டவுசருமாக நின்றார்கள். புதுத் துணியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. மூலையில் ஐந்து பைகள்.

“ஏர்போர்ட்ல இந்தச் சட்ட. டூர் போறவன் நீ. வேலன்னு வாய்ல வரக்கூடாது” என்றது ஒரு குரல். “அங்க எறங்கி பஸ்ல எட்டு மணி நேரம். எல்லையில ஒரு வீட்டுல கைலி மாத்திக்கணும். மொகத்துல மஞ்சளாப் பூசுவாங்க, பூசிக்க. சாமி கயித்தெல்லாம் இப்பவே அறுத்துடுங்க. எவனாச்சும் கால மிதிச்சா ‘அய்யோ’ன்னு கத்தாத. சரின்றதுக்குத் தலைய பக்கவாட்டுல ஆட்டாத. உலகத்துலயே நாம மட்டுந்தான் அப்புடி ஆட்டுறோம். அதுலதான் மாட்டுவீங்க.”

“ஆபீஸ் வேலைக்கி இதெல்லாம் எதுக்குண்ணே?” என்றான் ஒருவன்.

“ஆபீஸ் ஆத்துக்கு அந்தாண்ட. பர்மிட்டு வர லேட்டாவும், அதுக்குத்தான். இங்க பாரு, முடிச்சு இப்புடி.”

பேன்ட்டின் மேலேயே ஒரு கைலியைச் சுற்றினான் அவன். கண் கைலியைப் பார்க்கவே இல்லை. விரல்கள் தாமாகவே துணியை இழுத்து, முறுக்கி, தொப்புளுக்கு நேரே சொருகி முடித்தன. சொல்லிக் கேட்டுக் கற்ற வேகம் இல்லை அது. பல மாதம் கட்டிப் பழகிய கை.

புஷ்பவள்ளி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

“கரண்ட்டு ரீடிங்கு எடுக்கணும். மீட்டரு எங்க?”

அவன் பதறித் திரும்பினான். முடிச்சைக் காட்டும்போது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியிருந்தான். வலது கழுத்தில் மச்சம். இடது புருவத்தில் தழும்பு.

“இளவரசு” என்றாள் புஷ்பவள்ளி.

“ம்” என்றுவிட்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

சபாபதி வாயைப் பிளந்தான். “இவனா? அம்மாக்காரி அங்க உக்காந்து...”

“ஸ்டிக்கரப் பத்தி அந்தப் பொண்ணு சொன்னப்பவே சந்தேகம்” என்றாள் அவள். “கைலி விக்கிறவனுக்கும் அந்தக் கவல கெடையாது, வாங்குறவனுக்கும் கெடையாது. அந்தத் துண்டுக் காயிதத்தால அடி வாங்குனவனுக்குத்தான் அது ஞாபகம் இருக்கும். ஸ்டூல் சத்தத்துக்கு எந்திரிச்சு நின்னியே, அங்க தெரிஞ்சுபோச்சு.”

அவன் ஓடவில்லை. ஓட நினைத்த மாதிரிகூட இல்லை. கைலியை அவிழ்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“ஆத்தத் தாண்டி, ரோட்டுல நிக்கவச்சு போட்டா எடுத்தானுங்க. வூட்டுக்கு அனுப்புன்னானுங்க. அப்புறந்தான் ஸ்டிக்கர ஒருத்தன் பாத்தான். மொத அடி அதுக்குத்தான்.” சட்டைக் கையை மேலே சுருட்டினான். தோள்வரை கறுத்த புள்ளிகள், வரிசையாக. “கரண்ட்டு ரீடிங்குன்னு சொன்னீங்களே. இதுலயும் எடுத்துக்குங்க.”

ஐந்து பேரும் நகராமல் நின்றார்கள். புஷ்பவள்ளி நோட்டை மூடினாள்.

“எப்புடி வெளிய வந்த?”

“பத்துப் பேரு. பத்துப் பேர அனுப்புறேன்னு ஒத்துக்கிட்டா பாஸ்போர்ட்டக் குடுத்து ஊருக்கு வுடுவாங்க. வந்து அனுப்பலன்னா ஆள் வுடுவாங்க. எங்க வூடு எங்க இருக்குன்னு அவுங்களுக்குத் தெரியும். எனக்கு இந்த முடிச்சக் கட்டிவுட்டவனும் இப்புடி வந்தவந்தான். அந்தத் தாடிக்காரன். அவன் பத்துப் பேரையும் அனுப்பி முடிச்சிட்டான். இப்ப எங்கியோ கல்யாணம் பண்ணிக்கினு நல்லாருக்கான்.”

“நீ எவ்ளோ?”

“அஞ்சு போயாச்சு. இவுங்க அஞ்சோட முடியும். மூணு மணி ரயில்ல மெட்ராஸு. அவ்ளோதான் இருந்துச்சு மேடம்.” அவன் குரலில் கெஞ்சல் இல்லை, கணக்குத் தவறிப்போன அலுப்புதான் இருந்தது. “இன்னும் மூணு மணி நேரம்.”

“போனவங்க பேரு, வெலாசம் சொல்லு.”

சொன்னான். நாலு பேரைத் தடையில்லாமல் சொன்னான். ஐந்தாவதுக்கு நின்றான்.

“கதிரவன். ஸ்ரீமுஷ்ணம்.”

“தெரிஞ்சவனா?”

“எங்க மாமா மவன். அம்மாவோட அண்ணன் புள்ள.” தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நாலு பேர்தான் செட் ஆனாங்க. ஒரு ஆளு கொறைஞ்சுது. போன் போட்டேன். இந்த ரூமுக்கு வந்தான். நான் லீவுல வந்திருக்கேன், அம்மாவுக்குச் சொல்லிடாத, தீபாவளிக்கு சர்ப்ரைஸா போவேன்னு சொன்னேன். ‘மச்சான்’னு கட்டிப் புடிச்சான். நாந்தான் அவனுக்குக் கைலி கட்டிவுட்டேன்.”

சபாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் பைகளைப் பிரித்து, பாஸ்போர்ட்டுகளை எடுத்து அடுக்கினார். ஐந்து பேரில் உயரமாக இருந்தவன், அருண்பாண்டியன் என்று பெயர், புஷ்பவள்ளியின் முன்னால் வந்து நின்றான். காப்பாற்றியதற்கு ஏதோ சொல்ல வருகிறான் என்று அவள் நினைத்தாள்.

“நான் எம்எஸ்சி. ரெண்டு வருஷமா கொரியர் பையத் தூக்கிக்கினு சுத்துறேன். ஊர் பூரா சொல்லிட்டுக் கெளம்பி வந்துட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கினு திரும்பிப் போறது? அதையும் நீங்களே சொல்லுங்க.”

“அவன் தோளப் பாத்தியா இல்லியா?”

“பாத்தேன்” என்றான் அவன். “அவரு மாட்டிக்கிட்டாரு. எல்லாரும் மாட்டணும்னு இருக்குதா?”

பூப்போட்ட சட்டையின் பொத்தானை அவன் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். உள்ளே பனியன் தோளில் கிழிந்திருந்தது.

இளவரசு ஜீப்பில் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டான்.

“எங்கம்மாவுக்குச் சொல்லாதீங்க மேடம். பர்மாவுலயே இருக்கான்னு சொல்லிடுங்க. அங்க இருக்குறதா நெனச்சா அழுவும். இங்க இருந்தேன்னு தெரிஞ்சா...” போலீஸ்காரர் கதவைச் சாத்தினார். சத்தத்துக்கு அவன் பாதி எழுந்து, தலையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கடலூர் திரும்பும்போது மணி ஐந்து. பஸ்ஸில் சபாபதி கேட்டான்.

“சொல்லப் போறீங்களா?”

“அந்த அம்மா கேட்டுதுன்னா, சொல்லித்தான் ஆவணும்.”

தில்லையம்மாள் அதே நாற்காலியில் இருந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் கொடுத்த டீ ஆடை கட்டிப்போய் மேசைமேல் இருந்தது. புஷ்பவள்ளியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

“உசுரோட இருக்கானா?”

“இருக்கான்.”

“எங்க?”

சபாபதியிடம் அப்படிச் சொன்னாலும், புஷ்பவள்ளி ஒரு பொய்யையும் தயார் செய்து வைத்திருந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பொய். அந்தக் கறுத்த விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் அதைக் கைவிட்டாள். உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அடியைச் சொன்னாள், கரண்ட்டைச் சொன்னாள், பத்துப் பேரைச் சொன்னாள்.

“சிதம்பரத்துலயா இருந்தான்?” என்றாள் தில்லையம்மாள்.

“மூணு மாசமா.”

“ரெண்டு பஸ்ஸு மாறுனா வந்திருக்கலாம். போனவங்க யாரு?”

புஷ்பவள்ளி பெயர்களை வாசித்தாள். ஐந்தாவது பெயர் வந்ததும் தில்லையம்மாளின் தலை நிமிர்ந்தது. அழுவாள் என்று சபாபதி தண்ணீர் பாட்டிலை நகர்த்தினான். அவள் அழவில்லை.

“போட்டா வந்த புதுசுல நாந்தான் எங்கண்ணங்கிட்ட அதக் காட்டுனேன். ‘பாரு, எம் புள்ள அந்த ஊர்க்காரனாவே மாறிட்டான், ஒம் புள்ளையும் அனுப்பு’ன்னு நாந்தான் சொன்னேன். அண்ணி வேணாம் வேணாம்னுச்சு. நான் அதுங்கூட சண்ட போட்டேன்.”

“உங்களுக்குத் தெரியாதும்மா...”

“எங்கண்ணிக்கி ஒண்ணும் தெரியாது. இன்னும் கதிரவன் ஏசி ரூம்புல இருக்கான்னு நெனச்சுக்கினு இருக்கும்.” முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டாள்.

“இப்பக் கெளம்புனா ஸ்டேஷன்ல பையனப் பாக்கலாம்” என்றாள் புஷ்பவள்ளி. “நான் சொல்லியிருக்கேன். நாளைக்கி கோர்ட்டுக்குக் கொண்டு போயிட்டா கஷ்டம்.”

“அப்புறம் பாத்துக்கலாம். ஸ்ரீமுஷ்ணத்துக்கு எத்தினி மணிக்கி பஸ்ஸு?”

“சபாபதிய கூட அனுப்பறேன்.”

“வேணாம். யாராச்சும் கூட இருந்தா, அவுங்க பேசட்டும்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். எம் புள்ளதான் அனுப்புனான்னு நானே சொல்லணும்.” பையை எடுத்துக்கொண்டாள். “மத்த நாலு வூட்டு வெலாசமும் எழுதிக் குடும்மா.”

புஷ்பவள்ளி எழுதிக் கொடுத்தாள். தில்லையம்மாள் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். சபாபதி ஜன்னலிலிருந்து பார்த்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. சிதம்பரத்து இன்ஸ்பெக்டர்.

“பையன் ஒண்ணும் சாப்பிட மாட்டேன்றான் மேடம். ‘சொல்லிட்டாங்களா, அம்மா கெளம்பிட்டாங்களா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். என்ன சொல்லட்டும்?”

“கெளம்பிட்டாங்க” என்றாள் புஷ்பவள்ளி.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.